வெயில் படாத கறுப்பு

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைக்கூடம் அடித்தளத்தில் இருந்தது. மேலே எத்தனை மாடி இருந்தால் என்ன, கீழே வேலை செய்கிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் குழாய் ஓடும் கூரையும் வெள்ளை விளக்கும்தான். துவைப்பதும் உலர்த்துவதும் இயந்திரத்தின் பாடு. கட்டில் விரிப்பை மடிக்க மட்டும் இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து, கையோடு கை சேர்த்து, மறுபடி பின்னால் போகவேண்டும். அப்படி ஒன்பது வருஷமாக எதிரெதிரே நடந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு நாற்பத்தாறு வயது. கூடத்தில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் அக்கா. இன்னொருத்தி பத்து வயது இளையவள், அக்காவைவிட ஒரு முழம் உயரம். நெட்டை என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த வருஷம் அக்காவின் உடம்பு அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே அன்றைய வேலையெல்லாம் செய்து முடித்தவள் மாதிரி கை ஓய்ந்து போகும். குனிந்து நிமிர்ந்தால் கண்ணைக் கட்டும். சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டும். பத்து மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டாள். ஒரு டாக்டர் ரத்தம் போதவில்லை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இன்னொருவர், "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தான் இருக்கும்மா" என்று நாற்காலியை விட்டு அசையாமலே சொல்லி அனுப்பினார். மூன்றாமவர் மனக்கவலை என்று முடிவு கட்டி, தூங்க மாத்திரை எழுதினார். தூங்கினாள். எழுந்தபோது படுத்ததைவிடக் களைப்பாக இருந்தது.

அவள் கணவர் லாரிப் பட்டறையில் மெக்கானிக். "வண்டியா இருந்தா பிரிச்சுப் பார்த்திருப்பேன். உன்ன என்னன்னு பார்க்கிறது?" என்பார். கேலியாகத்தான் சொல்வார். ஆனாலும் அவள் கட்டிலில் சாய்ந்தபிறகு வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், வந்தபோதெல்லாம் ஒரே பாட்டுத்தான். "என்ன அண்ணி, இப்படிக் கறுத்துட்டீங்க? வெயில்ல அலையறீங்களா?"

அந்தக் கேள்வியை ஒருநாள் அக்கா சலவைக்கூடத்தில் சலிப்போடு சொன்னாள். நெட்டை விரிப்பை உதறப் போனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"நீங்க விடியும்போது இங்க இறங்குறீங்க, பொழுது சாயும்போது ஏறுறீங்க. உங்களுக்கு ஏது வெயில்?"

"விடு, வயசானா கறுக்கும்."

"கையக் காட்டுங்க."

நாளெல்லாம் அந்தக் கைகளை எதிரில் பார்த்துப் பழகியவள் அவள். விரல் முட்டிகள் கரி பூசினாற்போல் இருந்தன. உள்ளங்கை ரேகைகளோ பேனாவால் கோடு இழுத்தது மாதிரி கறுத்திருந்தன. வியர்வையும் இல்லை, அழுக்கும் இல்லை. நெட்டை தன் கையை விரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் ரேகைகளில் நிறமே இல்லை.

"இன்னொன்னும் கேக்கணும்" என்றாள். "கோவிச்சுக்காதீங்க. அந்த உப்பு."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அறைகளுக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டில் விரல் நீளத்துக்கு உப்புப் பொட்டலம் வைப்பார்கள். பிரிக்காத பொட்டலங்கள் மேசைத் துணிகளோடு சுருண்டு கீழே வந்துவிடும். கொஞ்ச நாளாக அக்கா அவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் வாயில் கொட்டிக்கொள்வாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. அது தித்தித்தது, அவ்வளவுதான். வீட்டில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

"யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள்.

"டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன்" என்றாள் நெட்டை. சொன்னபடியே ஒருநாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கூடவே வந்தாள்.

இந்த முறை பார்த்தவர் சின்ன வயசுப் பெண் டாக்டர். நெட்டை உப்புக் கதையைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். உள்ளங்கையைப் பார்த்தார். உதட்டைப் பிரித்து ஈறைப் பார்த்தார்; அங்கேயும் நாவல்பழம் தின்றது மாதிரி திட்டு. படுக்கவைத்து ஒரு தரம், நிற்கவைத்து ஒரு தரம் ரத்த அழுத்தம் பார்த்தார். நின்றதும் அது சரசரவென்று இறங்கியது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஊசி போட்டு இன்னொரு தரம் எடுத்தார்கள்.

முடிவு வந்த அன்று கணவரும் உடன் இருந்தார். டாக்டர் ஒரு தாளில் இரண்டு சிறுநீரகம் வரைந்து, இரண்டின் தலையிலும் குல்லாய் மாதிரி ஒன்று வரைந்தார்.

"இது அட்ரினல் சுரப்பி. உடம்புக்குத் தெம்பு கொடுக்கிற ஹார்மோனும், உப்ப வெளிய போகவிடாமப் பிடிச்சு வைக்கிற ஹார்மோனும் இங்கதான் சுரக்குது. உங்களுக்கு ரெண்டும் ஏறக்குறைய நின்னு போச்சு. உப்பு உடம்புல தங்கல, அதான் நாக்கு அதையே தேடியிருக்கு. சுரப்பிய விரட்டுறதுக்குத் தலையிலேருந்து ஒரு ஹார்மோன் அளவுக்கு மீறி வருது. தோல் கறுத்தது அதனாலதான்."

"அப்ப மனக்கவலை இல்லையா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லம்மா."

அவள் அழுதாள். நோய் வந்ததற்காக அழுகிறாள் என்று நினைத்துக் கணவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவள் திருத்தவில்லை.

மாத்திரை காலையில் ஒன்று, மதியம் பாதி, நாலு மணிக்குப் பாதி. உப்புக்கென்று தனியாக ஒன்று. ஆயுசு முழுக்க. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. வாந்தி வந்து மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால் உடனே தொடையில் ஊசி, அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. ஊசி போடக் கணவர் ஆரஞ்சுப் பழத்தில் பழகிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் அக்காவுக்குப் பசித்தது. ஒரு மாதத்தில் அவள் கூடத்தில் சிரித்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதோடு நின்றிருக்கலாம்.

நாத்தனார் வந்தாள். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "ஸ்டீராய்டு அண்ணி இது. முகம் ஊதிப்போகும், எலும்பு பொடிஞ்சிடும். இப்பதான் நல்லாயிட்டீங்களே, கொஞ்சம் கொஞ்சமாக் கொறைங்க." நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அக்காவுக்கும் அந்த மூன்று வேளைக் கெடுபிடி அலுத்துப் போயிருந்தது. முதலில் நாலு மணிப் பாதியை விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. மதியத்ததையும் விட்டாள். களைப்பு மெல்லத் திரும்பி வந்தது. வேலை ஜாஸ்தி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் வயிறு கெட்டுப்போய் நாலு தரம் வாந்தி எடுத்தாள். காலை மாத்திரையும் அதோடு வெளியே வந்துவிட்டது. குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. கணவர் கூப்பிட்டது எங்கோ பக்கத்து வீட்டில் கூப்பிடுவதுபோல் கேட்டது.

அவர் ஓடிப்போய் ஊசி டப்பாவை எடுத்துவந்தார். கண்ணாடிக் குப்பியில் தூள், இன்னொன்றில் தண்ணீர். தண்ணீரைத் தூளில் ஏற்றிக் குலுக்க வேண்டும். நாற்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய கைக்கு அந்தச் சின்னக் குப்பி அடங்கவில்லை. மூடியைப் பல்லால் கடித்து எடுத்தார். "வலிக்கும், பொறுத்துக்க" என்று சொல்லித் தொடையில் இறக்கினார். அவளுக்கு வலிக்கவே இல்லை. அதுதான் தனக்குப் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உப்புநீர் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் அந்தப் பெண் டாக்டர் வந்து மாத்திரைக் கணக்கைக் கேட்டார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. "அளவுக்கு மேல சாப்பிட்டாத்தான் முகம் ஊதும். நாங்க தர்றது உங்க உடம்பு தானே செஞ்சிருக்க வேண்டிய அளவு. அதுல கொறைச்சா மிச்சம் எங்கேருந்து வரும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு கணவர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார்.

"அலுப்பா இருந்துச்சுங்க. மாத்திர, மணி, மறுபடி மாத்திர. நல்லாயிட்டேன்னு ஒரு தடவையாவது நினைச்சுக்கணும்போல இருந்துச்சு."

அவர் போர்வையை இழுத்து அவள் காலை மூடிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். விரிப்பு மடிக்க நெட்டையோடு புதிதாக ஒருத்தியைப் போட்டிருந்தார்கள். அக்காவுக்கு உட்கார்ந்த வேலை. கிழிந்த துண்டுகளைப் பிரித்து எடுக்க வேண்டும். அந்த இருவரும் எதிரெதிரே நடப்பதைப் பார்க்கும்போது கையிலிருந்த துண்டை மறந்துவிடுவாள். புதியவள் முனையைத் தழைய விட்டால் நெட்டை இங்கே திரும்பி உதட்டைப் பிதுக்குவாள். அது கொஞ்சம் ஆறுதல்.

நாத்தனார் மறுபடி வந்தாள். தேநீர் ஆறும்வரை மற்ற கதையெல்லாம் பேசிவிட்டு, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க மாத்திரையே இல்லாம..." என்று ஆரம்பித்தாள்.

"அந்தப் பேச்ச மட்டும் விட்டுடும்மா" என்றார் கணவர், தலை நிமிராமல். "தரையில கிடந்தத நான் பார்த்தேன். நீ பார்க்கல."

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லதுக்குன்னுதான் அண்ணா சொன்னேன்" என்றாள்.

"தெரியும்" என்றாள் அக்கா. அவளுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. மணி நாலு ஆகியிருந்தது. பாதி மாத்திரையை நாத்தனார் எதிரிலேயே விழுங்கித் தண்ணீர் குடித்தாள். தொண்டையில் கசப்பு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தேநீர்க் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு கழுவப் போனாள்.