ஜூலை ஒண்ணாம் தேதியிலிருந்து

பெட்டியின் உறுமல் நின்றதை முதலில் கேட்டவள் தெய்வாத்தாள்தான். கூடத்தில் முப்பது பேராவது இருந்தார்கள். மேலே ஃபேன் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அது வேகம் குறைந்து நிற்பதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"கரண்ட் போயிருச்சுங்க" என்று யாரோ சொன்னது அதற்கப்புறம்தான்.

ஃப்ரீசர் பெட்டிக்குள் அவள் கணவர் தம்பிதுரை படுத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. முந்தின நாள் செவ்வாய்க்கிழமை காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அன்று விடியும்போதே ஆத்திப்பாளையம் பிரிவில் மரம் விழுந்துவிட்டதென்று போன் வந்து அவள் ஜீப்பில் போயிருந்தாள். எட்டு மணிக்குத் திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். காபி போட்டுக் குடித்தாள், நான்கு போன் பேசினாள். இருபது நிமிடம் கழித்துத்தான் தோளைத் தொட்டு எழுப்பப் போனாள். அந்த இருபது நிமிடத்தைப் பற்றி அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

"உக்காரு அம்மணி. காலைல இருந்து நிக்காம ஓடிட்டே இருக்கறே" என்றாள் தம்பிதுரையின் அக்கா சென்னியம்மாள். சத்தியமங்கலத்திலிருந்து வந்ததிலிருந்து தம்பியின் கால்மாட்டை விட்டு அசையாமல் இருந்தாள். "கரண்டு வந்துக்கும். இப்பவாச்சும் அத உட்டுப்போட்டு உக்காரு."

தெய்வாத்தாளால் உட்கார முடியவில்லை. நேற்றிலிருந்தே அப்படித்தான். பந்தலுக்கு எத்தனை கம்பம், தண்ணீர் கேனுக்கு யார், மின்மயானத்தில் எத்தனை மணிக்கு என்று எல்லாம் அவளே பேசி முடித்திருந்தாள். உட்கார்ந்தால் தொடை இரண்டும் தானாக ஆடின. அவள் மின்வாரியத்தில் உதவி செயற்பொறியாளர். இந்தத் தெரு உட்பட காந்திபுரத்துக்கு வடக்கே நாற்பதாயிரம் வீடுகளுக்குக் கரண்ட் அவள் பொறுப்பு. தன் வீட்டில் ஓர் இன்வெர்ட்டர்கூட இல்லை. தம்பிதுரை கேட்கும்போதெல்லாம், "ஈபிக்காரி ஊட்டுல இன்வெர்ட்டர் வெச்சா ஊரே சிரிக்குமுங்க" என்று சொல்லித் தட்டிக் கழித்திருந்தாள்.

துணைமின்நிலையத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. கோளாறு தெருவுக்குள்தான். போர்மேன் ஜெரோமைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

"அக்கா, எங்க தையல் யூனிட்டுல ஜெனரேட்டர் இருக்குதுங்க. தள்ளிட்டு வரச் சொல்லட்டுங்களா?" என்று வாசலிலிருந்து எதிர்வீட்டு நஃபீசா கேட்டாள். தம்பிதுரையின் தம்பி கிருபாசங்கர் அவளோடு வெளியே போனான்.

"பாருங்க, விதிய" என்றாள் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண். "என்றகிட்டப் போன வாரங்கூடச் சொன்னாருங்க. ஜூலை ஒண்ணாம் தேதியிலிருந்து அம்மணி ஊட்டோட இருப்பா, இனி எனக்கென்ன கவலைன்னு."

நேற்றிலிருந்து இது ஏழாவது ஆள். பால்காரர் சொன்னார், நடைப்பயிற்சி நண்பர்கள் சொன்னார்கள், மருந்துக் கடைக்காரர் சொன்னார். ஜூலை ஒண்ணாம் தேதியிலிருந்து. தெய்வாத்தாள் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு மாலைகளைத் தாண்டி, வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள்.

நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்த தம்பிதுரை, மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த கையோடு வேலையை விட்டவர். போன வருடம் துணைமின்நிலையத்தில் அவள் மயங்கி விழுந்தபோது, ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர், "இந்த வேலை உங்களைக் கொன்னுடும்" என்றார். அதிலிருந்து தினமும் தம்பிதுரை ஆரம்பித்துவிட்டார். "போதும் கண்ணு. மிச்சமிருக்கற ஆறு வருச சர்வீஸ உட்டுரு. சாப்பாட்டுக்குக் கொறையில்ல. ரெண்டு பேரும் நிம்மதியா உக்காந்து ஒரு காபி குடிச்சு எத்தன வருசமாச்சு?" மார்ச் கடைசியில் அவள் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தாள். மூன்று மாத அவகாசம் ஜூன் முப்பதோடு முடிகிறது. எழுதிக் கொடுத்த அன்று மாலையே அவர் அல்வா வாங்கி வந்து தெருவுக்கெல்லாம் கொடுத்தார். இருபத்தெட்டு வருடம் கோயமுத்தூரில் குடியிருந்தும் ஒரு தடவைகூட ஏறாத ஊட்டி மலை ரயிலுக்கு, ஜூலை மூன்றாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார்.

ஜூன் தொடக்கத்தில் காற்று கிளம்பியது. ஒரே நாளில் பதினோரு கம்பங்கள் சாய்ந்தன. காலையிலிருந்து மழையில் நின்று அவளும் ஆட்களும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்கள். இருட்டும் நேரத்தில் கரண்ட் விட்டபோது தெருத்தெருவாக விளக்கு எரிந்துகொண்டே போனது. எங்கோ ஒரு மொட்டை மாடியில் பிள்ளைகள் கை தட்டினார்கள். சேற்றில் நின்றபடி அவள் அதைப் பார்த்தாள். அடுத்த ஜூனில் இப்படிக் காற்றடிக்கும்போது வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு என்ன செய்வேன் என்று நினைத்தாள். மறுநாள் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். போன வாரம் ஒப்புதலும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அந்த ஞாயிறு அவர் ஸ்வெட்டர் எடுக்கக் கடைக்குக் கூப்பிட்டார். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினாள்.

"அம்மா! செருப்பு போடல நீ."

மகள் கனிஷ்கா கையில் செருப்போடு பின்னால் ஓடி வந்தாள். சென்னையிலிருந்து நேற்று மாலை வந்தவள். அழுது முகம் வீங்கியிருந்தது. "எங்கம்மா போறே? எல்லாரும் கேக்கறாங்க."

"வந்துர்றேன் கண்ணு. நீ அப்பாகிட்ட இரு."

கனிஷ்கா திரும்பிப் போகவில்லை. கூடவே வந்தாள்.

தெருமுனையில் மே ஃபிளவர் மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து கம்பிகள் மேல் கிடந்தது. கம்பத்தில் வயர்மேன் அழகிரிசாமி பாதி ஏறியிருந்தார். கீழே நின்ற ஜெரோம் அவளைப் பார்த்ததும் பதறிப்போய்த் தொப்பியைக் கழற்றினார்.

"மேடம், நீங்க எதுக்குங்க வந்தீங்க? பத்தே நிமிசமுங்க. டிரான்ஸ்பார்மர்ல சுவிட்ச்ச எறக்கிப்போட்டோம்."

"எர்த் ராடு மாட்டுனீங்களா?"

ஜெரோம் ஜீப்பைப் பார்த்தார். "ராடு வண்டில இருக்குதுங்க. சார் அங்க பெட்டில கெடக்கறாருன்னு... சட்டுனு முடிச்சரலாம்னு அழகிரிதானுங்க ஏறுனாரு."

அந்த நேரத்தில் தெருவின் மறுகோடியில் தடதடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. அது எங்கிருந்து வருகிறதென்று தெரிந்துகொள்ள அவள் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நஃபீசாவின் ஜெனரேட்டர். சுவிட்சை இறக்கிவிட்டால் கம்பியில் கரண்ட் கிடையாது என்று எல்லோரும் நம்புவார்கள். ஆனால் ஏதோ ஒரு வீட்டில் மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரைப் பிளக்கில் சொருகினால் போதும், அந்தக் கரண்ட் அப்படியே தெருக் கம்பிக்குத் திரும்பி வந்துவிடும். எர்த் ராடு மாட்டியிருந்தால் அது ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் இறங்கிவிடும். அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் பல்லடத்தில் ஒருவரை அப்படித்தான் கம்பத்திலிருந்து இறக்கினார்கள்.

"அழகிரிசாமி! கை வெக்காதீங்க! எறங்குங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. கம்பிக்கு ஒரு முழம் கீழே அழகிரிசாமியின் கை நின்றது.

அவள் போனில் கொழுந்தனைக் கூப்பிட்டாள். "கிருபா, ஜெனரேட்டர நிறுத்து."

"இப்பத்தானுங்க அண்ணி போட்டோம். பொட்டி ஓடுது."

"மெயின ஆஃப் பண்ணினியா?"

"அது எதுன்னு தெரியலீங்களே. சமையல் ரூம் பிளக்குல சொருகியிருக்குது..."

"அப்ப நிறுத்திப்போடு. போஸ்ட்டு மேல ஆளு இருக்குது."

"அண்ணி, இந்த வெக்கைல அண்ணன எப்படிங்க..." அவன் குரல் உடைந்தது. "ஏற்கெனவே அரை மணி நேரமாச்சுங்க."

தெய்வாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். "இருக்கட்டும்" என்றாள். "நிறுத்து."

சத்தம் நின்றது. அழகிரிசாமி இறங்கி வந்து கம்பத்தடியிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். மூக்கிலிருந்து வியர்வை சொட்டியது. அவள் எதுவும் திட்டவில்லை. ராடை எடுத்து வரச் சொல்லி, கம்பியில் மாட்டுவதைக் கூடவே நின்று பார்த்து, அதற்குப் பிறகுதான் ஏறச் சொன்னாள். கிளையை வெட்டி, அறுந்த கம்பியைக் கட்டி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் தெருவில் நின்றாள். முடிந்திருந்த தலைமுடி காற்றில் அவிழ்ந்து முகத்தில் அடித்தது. தொடை ஆடவில்லை. அதைக் கவனித்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சுவிட்சைப் போட்டதும் பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடத் தொடங்கியது. ஜெரோம் கைகூப்பினார்.

"இன்னைக்கு அழகிரி பொழச்சது உங்களாலதானுங்க மேடம். இதுக்குத்தான், நீங்க லெட்டர வாபஸ் வாங்கிட்டீங்கன்னு கேட்டதும் எங்காளுக எல்லாருக்கும் உசுரே வந்துச்சுங்க."

தெய்வாத்தாள் மகளைப் பார்க்கவில்லை. கனிஷ்கா இரண்டடி பின்னால் இன்னும் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

திரும்பி நடக்கும்போது பாதித் தெருவில் கனிஷ்கா கேட்டாள்.

"எப்ப வாபஸ் வாங்குனே?"

"இந்த மாசம் நாலாம் தேதி."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

கனிஷ்கா செருப்பைக் குனிந்து அம்மாவின் காலருகே வைத்தாள். அவள் போட்டுக்கொள்ளும் வரை காத்திருக்காமல் முன்னால் நடந்து போய்விட்டாள்.

பெட்டி மறுபடி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே கண்ணாடியில் நீர் கோத்து தம்பிதுரையின் முகம் மங்கலாகத் தெரிந்தது. தெய்வாத்தாள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். உள்பக்கம் கோத்த நீர், துடைத்தும் போகவில்லை.

பதினொரு மணிக்கு அவரை வெளியே எடுத்தார்கள். பந்தலில் குளிப்பாட்டி, வேட்டி சட்டை மாற்றி, நெற்றியில் திருநீறு பூசினார்கள். பெண்கள் சுற்றி வந்தார்கள். சென்னியம்மாள் தம்பியின் மார்பில் கை வைத்துக்கொண்டு குரலெடுத்தாள்.

"என்ற சாமி, இன்னும் பதினஞ்சு நாளு பொறுக்கக் கூடாதா? உன்ற பொண்டாட்டி உங்கூடவே இருக்கறேன்னு வேலைய உட்டுப்போட்டு வந்தாளே, அவ மொகத்தப் பாக்காமப் போயிட்டியே..."

"இல்லீங்க நங்கை" என்றாள் தெய்வாத்தாள் நாத்தனாரிடம்.

சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் பந்தல் முழுவதும் கேட்டது. சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள்.

"நான் வேலைய உடலீங்க. எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்கிப்போட்டேன்."

சென்னியம்மாளின் வாய் திறந்தபடி இருந்தது. "தம்பிக்குத் தெரியுமா?"

"சொல்லலீங்க. சொல்லோணும் சொல்லோணும்னே இருந்தேன்."

பந்தல் துணி காற்றில் படபடத்தது. கிருபாசங்கர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரோ ஒருத்தி, "இத இப்ப வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.  சென்னியம்மாள் தம்பியின் சட்டைக் காலர் மடங்கியிருந்ததை நிமிர்த்திவிட்டாள். முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"நேரமாச்சு" என்றாள். "வாய்க்கரிசிய எடுத்துட்டு வா அம்மணி. நீதான் மொதல்ல போடோணும்."

தெய்வாத்தாள் அரிசியைப் போட்டாள். பாதி அவர் கழுத்தில் விழுந்தது. ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கியெடுத்து மறுபடி வாயருகே வைத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

வண்டி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியது. ஆண்கள் அதன் பின்னால் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். குளித்து முடித்தபோது நஃபீசா வீட்டிலிருந்து தக்காளி சாதம் வந்திருந்தது. சென்னியம்மாள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் தலைக்குக் கையை வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பினார்கள்.

கனிஷ்கா தட்டோடு வந்து அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வேலைக்கு எப்பப் போவே?"

"தெரியல கண்ணு."

"போ. போகாம இங்க உக்காந்து என்ன பண்ணுவே." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "ஆனா அவர்கிட்டச் சொல்லியிருக்கலாம்மா. ரெண்டு நாளு திட்டியிருப்பாரு. அவ்வளவுதான்."

"ம்."

"ரெண்டு நாளு திட்டிப்போட்டு, டிக்கெட்ட ஞாயித்துக்கெழமைக்கு மாத்தியிருப்பாரு."  தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

தெய்வாத்தாள் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செய்வதற்கு ஒன்றும் மீதியிருக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கேன்களை எண்ணினாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். கதவு வரை போய்விட்டு வந்தாள்.

மூன்று மணி இருக்கும். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்தது. கழுவிய தரையில் நீளமாக ஒரு பட்டையாக விழுந்து, சோபாவின் காலைத் தொட்டு, எதிர்ச் சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு ஏறி நின்றது. வேலை நாளில் இந்த நேரத்துக்கு அவள் ஒருநாளும் இந்தக் கூடத்தில் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கியிருப்பாள், அல்லது போனில் இருந்திருப்பாள். இந்த ஜன்னலில் வெயில் வருமென்றே அவளுக்குத் தெரியாது. மூன்று வருடமாக அவர் இந்த நேரத்தில் இங்கேதான் இருந்திருக்கிறார்.

மேகம் வந்து வெயில் அணைந்தது. காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு போனதும் திரும்ப வந்தது. ஈரம் காய்ந்த இடம் மட்டும் தரையில் வெளுத்துத் தெரிந்தது.

அவள் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஒரு டைல்ஸிலிருந்து அடுத்த டைல்ஸுக்கு வெயில் நகர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.