தெப்போசே குடும்பத்து மூக்கு

பழைய படங்களைச் சேர்த்து வைக்கிற பழம்படச்சாலையின் மூன்றாவது பீரோவில் இருந்த நாற்பத்தோரு படங்களுக்கும் ஒரே மூக்கு வந்தது, மழை விட்ட வாரத்தில். அதற்கு முன்னால் ஆளுக்கொரு மூக்கு இருந்தது. பிஷப்புக்கு உருளைக்கிழங்கு மாதிரி, குதிரைமேல் உட்கார்ந்திருந்த கேப்டனுக்குச் சப்பையாக, கல்யாண உடுப்பில் நின்ற பெண்ணுக்கு இருக்கிறதா இல்லையா என்று தேடுகிற மாதிரி. புதன்கிழமை பீரோவைத் திறந்தால் எல்லோருக்கும் நடுவில் புடைத்து நுனியில் கொக்கி போட்ட நீள மூக்கு. ஆள் இல்லாத படங்களும் தப்பவில்லை. எருதுக்கு வந்திருந்தது. பாலம் படத்தில் பாலமே நடுவில் புடைத்து அக்கரையில் கொக்கி போட்டு இறங்கியது. கூட்டிப் பெருக்குகிற அம்மா பார்த்துவிட்டு, "கருமம், எல்லாம் ஒரே சாடையா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த பீரோவைத் துடைக்கப் போனாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சொல். செம்புத்தகட்டில் செதுக்கி அடித்த படங்கள், கல்லச்சுப் படங்கள், தடித்த அட்டையில் ஒட்டிய போட்டோக்கள் என்று எங்கெங்கோ கிடந்ததை மூட்டை கட்டி அந்தக் கட்டிடத்தின் மாடியில் கொட்டியிருந்தார்கள். யார் படம், எந்த ஊர்ப் படம் என்று ஒருத்தனுக்கும் தெரியாது. அடுக்குவதற்கு ஓர் ஆளைப் போட்டார்கள். தபால் வழியாக எட்டு மாதம் பிரெஞ்சு படித்தவர். ஆபீஸில் எல்லோரும் அவருக்குப் பெரிய படிப்பு என்று பேர் வைத்திருந்தார்கள். பெரிய படிப்பு வந்தது, பெரிய படிப்பு சாப்பிடப் போனது என்றுதான் பேச்சு. பெரிய படிப்பு படங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. நாற்பத்தொன்றில் அடியிலோ முதுகிலோ ஒரே பிரெஞ்சு வார்த்தை இருந்தது. ரெண்டு எழுத்துக்குத் தலையில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. வாய்விட்டுப் படித்தால் தெப்போசே. பெரிய படிப்புக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிஷப்பும் கேப்டனும் பாலமும் எருதும் எல்லாம் ஒரே பெரிய வீட்டுச் சொத்து, அந்த வீட்டுப் பேர் தெப்போசே என்று ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தது. சூப்பிரண்டு படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நாற்பத்தொன்றையும் ஒரே பெட்டியில் போட்டு மூன்றாவது பீரோவில் வைத்து, 'தெப்போசே குடும்பம்' என்று சீட்டு ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினவர் பைண்டர். கிழிந்ததைத் தைப்பது, உரிந்ததை ஒட்டுவது அவர் வேலை. அந்தப் பாவத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

ஒரே பெட்டியில் ஒரே பேரில் ஒரு வருஷம் கிடந்தார்கள், மூக்கு வந்தது. அதோடு நிற்கவில்லை. பெட்டியைத் திறந்தால் வேர்வை, மூக்குப்பொடி, மட்டமான செண்டு எல்லாம் கலந்து வீச்சம் அடித்தது. ஏழாம் எண் படத்தில் காலி நாற்காலி ஒன்று இருந்தது. அதில் பிஷப் வந்து உட்கார்ந்தார். கல்யாணப் பெண் தனியாக நின்ற இடத்தில் எருது வந்து கேப்டன் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றது. பார்க்கச் சகிக்காது. ஆனால் ஊரில் பெரிய மனுஷர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் படி இறங்கும்போது தங்களுக்கும் அந்தக் கொக்கி உண்டா என்று மூக்கைத் தடவிக்கொண்டு இறங்கினார்கள். சூப்பிரண்டுகூடத் தன் மேஜையில் ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொண்டார்.

பைண்டருக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் முகம் உலகத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஸ்டூடியோ போட்டோவில். அகலக் காது, சப்பை மூக்கு, சிரிப்பை அடக்கத் தெரியாத வாய். ஓரம் கிழிந்துவிட்டதென்று அதை ஆபீஸுக்கு எடுத்து வந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மைதாப் பசை தடவி ஒட்டி, காயட்டும் என்று இரும்புக் கட்டைக்கு அடியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். பெரிய படிப்பு அந்தப் பக்கம் வந்தது. கட்டையைத் தூக்கியது, அட்டையைத் திருப்பியது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கிய அட்டை அது. முதுகில் அதே வார்த்தை அச்சடித்திருந்தது. பைண்டர் திரும்பி வரும்போது அவர் தங்கச்சிக்கு நாற்பத்திரண்டாம் எண் விழுந்திருந்தது.

"சார், அது என் தங்கச்சி சார்."

"உன் தங்கச்சியா? பைண்டரே, பின்னாடி என்ன எழுதியிருக்கு பார்."

"எழுதியிருக்கிறது எனக்குத் தெரியாது சார். முன்னாடி இருக்கிறவளைத் தெரியும். நான் தூக்கி வளர்த்தவ."

"நம்பர் விழுந்த படம் வெளியே போகாது. உனக்கே தெரியும்." சொல்லிவிட்டுப் பெரிய படிப்பு பெட்டியை மூடியது. நம்பர் விழுந்த படம் வெளியே போகாது என்பது அந்த ஆபீஸில் செத்தவன் திரும்பி வரமாட்டான் என்பது மாதிரி. அதற்கு மேல் பேச்சில்லை.

பத்தாவது நாள் பைண்டர் பெட்டி துடைக்கிற சாக்கில் பார்த்தார். சப்பை மூக்கு போய்க் கொக்கி மூக்கு பாதி இறங்கியிருந்தது. ஒரு மாதத்தில் காது சுருங்கியது, கண் வெளுத்தது, வாய் இறுகியது. வீட்டுக்குப் போய்த் தங்கச்சியின் முகத்தை நினைத்துப் பார்த்தால், நினைப்பிலும் அந்த மூக்கே முன்னால் வந்து நின்றது. அதுதான் அவரை வதைத்தது. படம் போனால் போகட்டும், நினைப்பையுமா பிடுங்குவார்கள்? மூன்றாம் மாதம் அவள் தோள்மேல் ஒரு கை இருந்தது. மோதிரம் போட்ட, மயிர் முளைத்த, கொழுத்த ஆண் கை. கேப்டனுடையது. பைண்டர் பெரிய படிப்பின் மேஜைக்கு ஓடிப்போய்க் கேட்டார்.

"என் தங்கச்சி தோள்மேல எவன் கை சார் அது?"

"இருக்கட்டுமேப்பா, குடும்பப் படம்தானே" என்றது பெரிய படிப்பு. தூ. படித்த வாயில் வருகிற பேச்சா அது!

பைண்டரின் மச்சான், அவர் பெண்டாட்டியின் தம்பி, அச்சாபீஸில் படம் அடிக்கிற பிளாக் செய்கிறவன். வெளிநாட்டு டப்பாக்களின் படத்தை அப்படியே பார்த்து வெட்டி, உள்ளூர்ச் சரக்குக்கு அடித்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. பைண்டர் அந்த வார்த்தையை ஒரு காகிதத்தில் பார்த்து வரைந்து அவனிடம் காட்டினார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இது பேரா மாமா? இது பதிவு பண்ணியாச்சு, எவனும் காப்பி அடிக்காதேன்னு போடுற முத்திரை. நான் தினம் காப்பி அடிக்கிற வார்த்தை!" பட்டறை மூலையில் கிடந்த பூட் பாலீஷ் டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தான். மூடியில் சிங்கம், சிங்கத்துக்கு அடியில் தெப்போசே. "கொண்டுபோய் உங்க படிப்பாளி மூஞ்சியில விட்டெறிங்க."

பைண்டர் விட்டெறியவில்லை. மேஜைமேல் மெதுவாக வைத்து, மச்சான் சொன்னதைச் சொன்னார். பெரிய படிப்புக்கு முகம் வெள்ளைத்தாளாகப் போனது. பிறகு மூடியைத் திறந்து மோந்து பார்த்தது. பிறகு பதிவேட்டை இழுத்து, நாற்பத்து மூன்று, பாலீஷ் டப்பா, குடும்பத் தொழிற்சாலையில் செய்தது என்று எழுதி, டப்பாவையும் பெட்டிக்குள் வைத்தது. சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டார். மறுவாரம் சிங்கத்துக்கும் மூக்கு வந்தது.

இனி இந்த ஜனங்களோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று பைண்டருக்குப் பட்டது. அவருக்குத் தெரிந்தது ஒட்டுவது ஒன்றுதான். பேர் ஒட்டித்தானே இவ்வளவும் வந்தது? பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு, கட்டியில்லாமல் மைதாப் பசை காய்ச்சினார். இரண்டு விரல் அகலத்தில் ஒரு சீட்டு வெட்டினார். அதில் தங்கச்சியை வீட்டில் கூப்பிடுகிற பேரை எழுதினார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு, ஓர் எழுத்து தப்பாகத்தான் விழுந்தது. பேருக்குக் கீழே, பைண்டர் தங்கச்சி என்று எழுதினார். பட்டப்பகலில் எல்லோரும் பார்க்க நாற்பத்திரண்டாம் படத்தைத் திருப்பி, தெப்போசேயின் மேல் அந்தச் சீட்டை ஒட்டி, கட்டையை ஏற்றினார். யாரும் கேட்கவில்லை. பைண்டர் சீட்டு ஒட்டினால் அதில் கேட்க என்ன இருக்கிறது?

சீட்டு காய ஒரு நாள் ஆனது. மூக்கு இறங்க ஆறு வாரம். கொக்கி கரைந்தது, நுனி அமுங்கியது, காது அகன்றது, கடைசியாக வாய் அவிழ்ந்தது. ஆனால் உறவு என்றால் இரண்டு பக்கமும்தானே. அவளைக் குடும்பம் என்று சேர்த்துக்கொண்டவர்கள் இப்போது அவளுக்குக் குடும்பமானார்கள். பிஷப்புக்குப் பைண்டரின் அப்பா காது வந்தது. கல்யாணப் பெண் அவர் அத்தை மாதிரி பல்லைக் காட்டினாள். எருது சப்பை மூக்கோடு சாதுவாக நின்றது. பாலம் தட்டையாகிப் போனது, இப்போதுதான் அது பாலம் மாதிரி இருந்தது. சிங்கத்தின் காது டப்பா மூடியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஊர்ப் பெரிய மனுஷர்கள் வருவதை நிறுத்தினார்கள். கைக்கண்ணாடி சூப்பிரண்டின் மேஜை இழுப்பறைக்குள் போனது. பெரிய படிப்பு மட்டும் அசரவில்லை. பின்வந்த தலைமுறையில் மூக்கு சப்பையாவது பெரிய குடும்பங்களில் சகஜம் என்று இன்னும் நாலு பக்கம் எழுதி, அதற்காகப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு அனுப்பப்பட்டது.

தோள்மேல் இருந்த கை மட்டும் போகவில்லை. பைண்டர் தினமும் போய்ப் பார்த்தார். பேரை மாற்றியும் அந்தக் கொழுத்த கை அப்படியே கிடக்கிறதே என்று அந்தக் கேப்டனின் பரம்பரையையே திட்டினார். முதலில் மோதிரம் மங்கியது. அப்புறம் மயிர் உதிர்ந்தது. விரல்கள் மெலிந்து கணுக்கணுவாக ஆயின, நக இடுக்கில் காய்ந்த பசை வெள்ளையாகத் தெரிந்தது. ஒருநாள் சுண்டு விரலில் நகம் இல்லை. பைண்டர் தன் வலது கையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் அட்டை வெட்டுகிற மிஷினில் சுண்டு விரல் நகம் போன கை. பெட்டியை மூடிவிட்டு, மிச்சமிருந்த பசை காய்வதற்குள் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.