எந்தச் சிவப்பு?

ஆலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும்; எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே எண்ணெய் தெறித்திருக்கிறது என்று பார்த்து நிறுத்துவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

அவள் தம்பி வானியல் ஆய்வாளன். ஞாயிறு மதியம் அக்கா வீட்டுச் சாப்பாடு என்பது அவனுக்கு எழுதாத சட்டம். அந்த ஞாயிறு தட்டில் கை வைத்தவன் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். அக்கா தோண்டித் துருவிக் கேட்டபிறகுதான் வாயைத் திறந்தான்.

நெப்டியூனுக்கும் அப்பால் சூரியனைச் சுற்றும் ஒரு சின்னப் பனி உருண்டையை இரண்டு வருடத்துக்கு முன் அவன் கண்டுபிடித்திருந்தான். நான்கே நாள் தெரிந்தது. பிறகு மேகம் மூடியது. மேகம் விலகியபோது ஆளைக் காணோம். நான்கு நாளை வைத்து அதன் பாதையைச் சொல்ல முடியாது. பழைய படம் எதிலாவது அது விழுந்திருந்தால் பிழைத்தான். ஒன்பது வருடத்துக்கு முன் அடுத்தடுத்து மூன்று நாள் எடுத்த மூன்று படங்கள் கிடைத்தன. கணினி சல்லடை போட்டுத் தேடிவிட்டுக் கையை விரித்துவிட்டது.

அந்தப் படங்களைக் காட்டச் சொன்னாள் அக்கா.

"இது உன் துணி இல்லக்கா."

"பொட்டு மாதிரி ஒண்ணைத்தானே தேடறே? கொண்டா."

தம்பி பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்துக் கொடுத்தான். வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகளாக அச்சான நட்சத்திரங்கள். அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். வெயில் பின்னாலிருந்து ஊடுருவியது. நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. ஓரத்திலிருந்து ஒவ்வொரு விரல் அகலமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து விரலை ஓரிடத்தில் ஊன்றினாள். முதல் தாளில் ஒரு மங்கல் பொட்டு, மூன்றாம் தாளில் இன்னொன்று. மற்றத் தாள்களில் இரண்டுக்கும் ஜோடி இல்லை. அந்த இரண்டு பொட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய நட்சத்திரத்தின் ஒளி, மை கொட்டியதுபோல் பரவியிருந்தது.

"ரெண்டாம் நாள் இது இந்தக் கறைக்குள்ள இருந்திருக்கணும். உன் கம்ப்யூட்டர் கறைக்குள்ள பாத்துச்சா?"

தம்பிக்குச் சுருக்கென்றது. பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி எதையும் பார்க்காதே என்று கணினிக்குச் சொல்லி வைத்ததே அவன்தான். நடுத் தாளைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். கறையின் விளிம்பில் அது இருந்தது. சோறு ஆறிப்போனது இருவருக்குமே தெரியவில்லை.

மூன்று வாரத்தில் முடிவு தெரிந்தது. பழைய படங்களின் மூன்று புள்ளிகளையும் இரண்டு வருடத்துக்கு முன் பார்த்த நான்கு நாள் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, இன்று எங்கே இருக்கும் என்று தொலைநோக்கியைத் திருப்பினார்கள், அங்கேயே இருந்தது. சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ அறுநூற்று நாற்பது வருடம்.

செய்தி சொல்ல வந்தவனை அக்கா கேள்வியால் துளைத்தாள். எவ்வளவு பெரிசு? ஒரு நகரம் அளவு இருக்கலாம் என்றான். அங்கிருந்து பார்த்தால் சூரியன் தெரியுமா? தெரியும், கண் கூசும் ஒரு நட்சத்திரம் மாதிரி.

"என்ன நிறம்?"

"சிவப்பா இருக்கும்னு நினைக்கிறோம்."

"சிவப்புன்னா எந்தச் சிவப்பு?"

ஆலையில் நாற்பது சிவப்பு பார்த்தவளிடம் வெறும் சிவப்பு என்று சொல்லித் தப்ப முடியுமா? எந்தச் சிவப்பு என்று தெரிந்துகொள்ளப் பெரிய தொலைநோக்கி வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். சாப்பாட்டு மேசையிலேயே எழுத உட்கார்ந்தான். அக்கா தோளுக்குப் பின்னால் நின்று, வரிக்கு வரி என்ன எழுதுகிறான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பெரிய தொலைநோக்கியில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கடிதம் வந்தது. கூடவே வந்த படிவத்தில், உடன் வரும் உதவியாளர் ஒருவர் என்ற இடத்தில் தம்பி அக்காவின் பெயரை எழுதினான்.