அழிச்சாச்சும்மா

மூன்றாவது அடுக்கின் உச்சியிலிருந்து நான் இழுத்த கட்டு, கயிறு அறுந்து என் தலைமேலேயே கொட்டியது. தூசி. இருமல். செத்த பல்லி ஒன்று சட்டைக் காலருக்குள் விழுந்தது.

"அண்ணே! வருஷம் பாத்து இழுங்க. அது எண்பத்தாறு. ஆட்டுத் திருட்டு!" கீழே ஏணியைப் பிடித்திருந்த ஷபியுல்லா கத்தினான். விருத்தாசலம் கோர்ட்டில் பழைய கட்டுகளைக் காப்பவன் அவன்.

"தொண்ணூத்தொம்பது எங்கய்யா வெச்சிருக்கற?"

"நான் எங்கண்ணே வெச்சேன்? நான் வந்தே மூணு வருஷந்தான் ஆவுது. என் தம்பி துபாயில ஏசியில இருக்கான், நான் மங்கலம்பேட்டையிலருந்து தினம் பஸ்ஸு ஏறி வந்து தூசியில இருக்கேன்."

மணி பதினொன்று பத்து. கடலூரில் எஸ்.பி. ஆபீஸ் ஐந்து மணிக்கு மூடிவிடும். அதற்குள் அன்புக்கரசி தன் பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்.

அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். பதினைந்து நாளாகத் திறந்து மூடித் திறந்து மூடி, கையிலிருந்த நோட்டீஸ் மடிப்பில் கிழிந்திருந்தது. பெண் காவலர் தேர்வில் ஓட்டம், நீளம் தாண்டுதல், எழுத்துத் தேர்வு எல்லாம் தேறியவள். உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகவே இருந்தாள். கடைசியில் ஸ்டேஷனில் நன்னடத்தை விசாரித்தபோது பழைய பதிவேட்டில் அவள் பெயர் கிடைத்தது. 1999 ஆகஸ்ட், பாலக்கரை மறியல், கைது. விண்ணப்பத்தில் 'வழக்கு ஏதும் உண்டா?' என்ற இடத்தில் அவள் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். 'உண்மையை மறைத்த உம்மை ஏன் நீக்கக் கூடாது?' என்று நோட்டீஸ் கேட்டது. வயது இருபத்தைந்து முடியப்போகிறது. அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

"தர்மராஜ் மாமா, கெடச்சிதா?"

"இரும்மா, பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."

நான் வக்கீல் குமாஸ்தா. அதற்கு முன்னால் பத்து வருஷம் பீங்கான் தொழிலாளர் சங்கத்தில் எழுத்து வேலை. அவள் அப்பா தங்கராசு சூளையில் அடுக்கியவர், என் கூட்டாளி. செத்து இரண்டு வருஷமாகிறது. அம்மா பாஞ்சாலை ஒரு பீங்கான் யூனிட்டில் பொம்மைகளுக்குக் கை கால் ஒட்டுகிறாள். மகள் போலீசாகிவிட்டால் அந்த வேலையை விட்டுவிடலாம் என்றிருந்தாள். முந்தாநாள் என் வீட்டு வாசலுக்கு வந்து, "எம்பொண்ணு கூட இருந்து முடிச்சுக் குடுண்ணே" என்றபோது அவள் விரல் நகங்களில் களிமண் காயாமல் இருந்தது.

மறியல் என்றால் எங்கள் ஊரில் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கூலி கேட்டு ரோட்டில் உட்காருவார்கள். போலீஸ் வேன் வரும். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்க் கல்யாண மண்டபத்தில் இறக்குவார்கள். மத்தியானம் சாம்பார் சாதப் பொட்டலம். சாயங்காலம் அனுப்பிவிடுவார்கள். யாரும் தலையை எண்ணுவதில்லை. சங்கம் ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுக்கும். ஸ்டேஷனில் அதைப் பார்த்து அப்படியே பதிவேட்டில் ஏற்றிக்கொள்வார்கள். பிறகு ஒருநாள் சங்கமே வக்கீல் மூலம் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு எல்லாருக்குமாகச் சேர்த்து அபராதம் கட்டிவிடும். கைதானவர்கள் கோர்ட்டு வாசலைக்கூட மிதிக்க வேண்டியதில்லை.

அன்புக்கரசி மண்டபத்து வாசலையும் மிதிக்கவில்லை. மறியலன்று அவள் சேத்தியாத்தோப்பில் சித்தி கல்யாணத்தில் இருந்தாள்.

"கல்யாண போட்டோ இருக்குது மாமா. நான் ஆரத்தித் தட்டு புடிச்சிருக்கேன். அத ஸ்டேஷன்ல காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"போட்டோல தேதி இல்லியேம்மான்னாங்க. கல்யாணப் பத்திரிகைய காட்டினேன். பத்திரிகைல ஒம் பேரு இல்லியேன்னாங்க." அவளுக்கே சிரிப்பு வந்தது. "நான் என்ன மாமா, பொண்ணா மாப்ளயா, பத்திரிகைல பேரு போட!"

ஷபியுல்லா ஒரு தடித்த பதிவேட்டை மேஜையில் தொப்பென்று போட்டான். எச்சில் தொட்டுப் புரட்டினான். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க இருக்குது. நாப்பத்தொம்பது, தங்கராசு. அம்பது, அன்புக்கரசி, த/பெ தங்கராசு, பெரியார் நகர். குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் செலுத்தப்பட்டது."

அவன் அந்த வரியின் ஓரத்துக்குப் போனான். அங்கே சிவப்பு மையில் ஒரு முத்திரை. அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அழிச்சாச்சும்மா."

அந்த ஒரு சொல்லுக்கு அன்புக்கரசியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஓடி வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிச்சிட்டாங்களா? நெசமாவா? ஐயோ, இத மொதல்லயே சொல்லியிருந்தா... மாமா, அழிச்சிட்டாங்களாம்! அம்மாவுக்கு ஒரு போன் போடணும், யூனிட்ல கூப்புட்டுக் குடுப்பாங்க..."

ஷபியுல்லா என்னைப் பார்த்தான். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

"இல்லம்மா," என்றான் அவன், மெதுவாக. "அழிச்சது ஒம் பேர இல்ல. கட்ட."

"கட்டுன்னா?"

"கேஸு பேப்பருங்க. மறியல் கேஸு மாதிரி சின்னக் கேஸு கட்டுங்களையெல்லாம் கொஞ்ச வருஷம் வெச்சிருந்துட்டு எரிச்சிடுவாங்க. ரூலு. ரிஜிஸ்டரு மட்டும் அப்படியே நிக்கும்."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. நோட்டீஸை மடித்தாள், பிரித்தாள்.

"அப்ப அதுல எங் கையெழுத்து இல்லன்னு நான் எதைக் காட்டி சொல்றதுங்க?"

"காட்ட முடியாது."

"மேல அப்பீலு பண்றேன்."

"அதுக்குத் தீர்ப்பு நகல் கேப்பாங்க. கட்டு இல்லாம நகல் எங்கருந்து குடுக்கறது?"

"அப்ப பேரும் இருக்கும், அது பொய்யின்னு காட்டறதுக்கு பேப்பரும் இருக்காது. அதானுங்களே?"

ஷபியுல்லா பதிவேட்டை மூடினான். எனக்கு இருமல் நின்றிருந்தது.

ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தவன் திடீரென்று சொன்னான்: "ஒரே ஒரு வழி இருக்குதுண்ணே. சங்கத்து லிஸ்ட்ட எழுதுன ஆளு யாருன்னு தெரியணும். அந்த ஆளு வந்து, 'இந்தப் பொண்ணு அன்னிக்கு வரவேயில்ல, நான்தான் பேர சேத்தேன்'னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தா, அத நோட்டீசு பதிலோட வெக்கலாம். வேலை கெடச்சிடும்னு சொல்ல மாட்டேன். ஆனா ஐகோர்ட்டுக்குப் போனா கையில ஒரு பேப்பராவது இருக்கும்."

"அப்படி எழுதிக் குடுத்தா அந்த ஆளுக்கு என்ன ஆவும்?" என்று நான் கேட்டேன்.

"என்ன ஆவும்? பொய் லிஸ்ட்டு குடுத்தேன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரிதானே. மாட்டிக்கினு முழிப்பாரு. எவன் வந்து குடுப்பான்?"

அன்புக்கரசி என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க அப்ப சங்கத்துலதான இருந்தீங்க. லிஸ்ட்டு யாரு எழுதினாங்க?"

"ஏழு வருஷம் ஆச்சேம்மா."

"யோசிச்சுப் பாருங்க மாமா. கால்ல வுழுந்தாவது கேக்கறேன்."

வெளியே கோர்ட்டு டவாலி யாரையோ மூன்று முறை கூப்பிட்டான். யாரும் வரவில்லை.

"கார்முகில்னு ஒருத்தன் இருந்தான்," என்றேன். "திருப்பூர் போயிட்டான். அங்கயே செத்துட்டதா கேள்வி."

"வூட்டுக்காரங்க?"

"யாரும் இல்லம்மா."

அவள் தலையாட்டினாள். நான் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது.

கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடி டைப்பிஸ்டிடம் போனோம். "எதுக்கு மாமா டைப்பு? நீங்களே எழுதுங்க, ஒங்க எழுத்து அச்சு மாதிரி இருக்குமே" என்றாள். ஆபீசுக்குப் போகிற பேப்பர், டைப் அடித்தால்தான் மதிப்பு என்றேன். 'நான் அந்த மறியலில் கலந்துகொள்ளவில்லை. என் பெயர் எப்படிச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது.' மொத்தம் நாலே வரி. ஆதாரம் என்ற இடத்தில் கல்யாண போட்டோவின் நகலை வைத்தோம். அதில் ஆரத்தித் தட்டும், அதன்மேல் கருப்பாக ஒரு முகமும் தெரிந்தன.

ஒரு மணி கடலூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்தேன்.

"நீங்க வரலியா மாமா?"

"வக்கீலுக்கு மத்தியானம் கேஸு இருக்குதும்மா."

"பரவால்ல. இதுவே பெரிசு. பெத்த அப்பா இருந்தாகூட இப்படி ஏணி ஏறித் தேடியிருக்க மாட்டாரு." தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். "வாங்கிக்குவாங்கள்ல?"

"வாங்கிக்குவாங்க."

"வாங்கிட்டு?"

நான் பஸ்ஸின் தகரத்தைத் தட்டினேன். கண்டக்டர் விசில் ஊதினார். "போயிட்டு வரேன் மாமா" என்றாள். பஸ் ஜங்ஷன் ரோட்டில் திரும்பி மறைந்தது. அந்தப் பதிலை வாங்கி, முத்திரை குத்தி, வேலையில்லை என்று எழுத அவர்களுக்குப் பத்து நாள்கூட ஆகாது. அது எனக்குத் தெரியும்.

ஏணி ஏறி நான் தேடியது அவளுக்காக இல்லை. அந்தக் கட்டு இன்னும் இருக்கிறதா, அதிலிருக்கும் லிஸ்ட்டை வேறு யாரும் பார்ப்பதற்குள் உருவிவிட முடியுமா என்றுதான் தேடினேன். அன்றைக்கு மண்டபத்துக்கு வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். ஐம்பது என்றால்தான் மறுநாள் செய்திப் பேப்பரில் கொட்டை எழுத்தில் போடுவார்கள் என்று, சாம்பார் சாதம் தின்ற கையைத் துடைத்துக்கொண்டு, மீதி ஒன்பது பெயரை யோசித்து எழுதியவன் நான்.