கறுப்புக் கடுகும் என் ரவைச் சல்லடையும்

எதிர்வீட்டுக் குரு ஒரு கண்ணாடிப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கண்கலங்கியதை, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் முதலில் பார்த்தது நான்தான். (என் செடி அழுகிப்போனதே இந்தச் சாக்குகளால்தான்.) போத்தலுக்குள் கறுப்பாகக் கடுகு மாதிரி ஏதோ. நாற்றம் எங்கள் அடுக்குமாடியின் பக்கத்துப் புளோக் வரை போனது.

"என்ன தம்பி, ஊறுகாயா?"

"கிருமிங்க அக்கா. சாகுதுங்க."

குருவுக்குக் கிள்ளானில் ஒரு அரிசிமாவு ஆலையில் கழிவுத்தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவன் மனைவி வாணி அங்கேயே மாவு பொட்டலம் போடுகிறாள். அரிசி கழுவிய தண்ணீர் காற்றுப் புகாத தொட்டியின் அடியிலிருந்து இந்தக் கிருமிகளுக்கு நடுவே மேலே ஏறுமாம்.

"தனியா மிதக்கிற கிருமியைத் தண்ணி அடிச்சிட்டுப் போயிடும். ஒண்ணையொண்ணு ஒட்டிப் புடிச்சு உருண்டையானதுதான் கனமா அடியில நிக்கும், அழுக்கைத் தின்னு கேஸாக்கும். அப்படி உருள மாசக்கணக்காகும் அக்கா."

"இப்ப என்னாச்சு?"

அவன் போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். பிறகு வாணிதான் மாடிப்படியில் கொட்டித் தீர்த்தாள். ஆயுத பூஜைக்கு ஆலை முழுக்கப் பிளீச் ஊற்றிக் கழுவச் சொன்னது குருவாம். அந்தத் தண்ணீரை வேறு தொட்டிக்குத் திருப்பிவிட வேண்டியவன், கிருமித்தொட்டிக்குச் சந்தனப்பொட்டு வைப்பதில் மெய்மறந்துவிட்டானாம். பொட்டு வெளியே, பிளீச் உள்ளே. பக்தி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

உருண்டைகள் உடைந்து கூழாயின. கழிவு புளித்தபடியே ஆற்றுக்குப் போனது. இன்னொரு முறை இப்படி வந்தால் ஆலைக்குப் பூட்டு என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் வேலையும் அந்தக் கடுகின் தலையில்.

பந்திங் ஊரில் ஒரு நண்பனைக் கெஞ்சி, அவன் வேலை செய்யும் ஆலையிலிருந்து நல்ல உருண்டைகளை டிரம்மில் கொண்டுவந்து ஊற்றினான் குரு. பம்ப்பை மெதுவாக ஓடவிட்டால் பிழைத்துக்கொள்ளுமாம்.

மறுநாள் மதியம், விடுப்பில் வீட்டிலிருந்த வாணிக்கு ஆலையிலிருந்து போன் வந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, துணைக்கு என்று சொல்லி நானும் காரில் ஏறிக்கொண்டேன்.

ஆலைக் கால்வாயில் முழங்கால் சேற்றில் நின்று குரு எதையோ சலித்துக்கொண்டிருந்தான். பார்த்தால், ரவை சலிக்க என்று வாணி வாங்கிப்போன என் சல்லடை!

"தீவாளி ஆர்டர் நிக்குதுடா! தண்ணி ஓடினாத்தான் மாவு!" மேலே நின்று கத்தினார் முதலாளி தம்புசாமி. குரு சாப்பிடப் போன நேரத்தில் பம்ப்பை முழுவேகத்தில் வைத்தவர் அவர்தான்.

"புது உருண்டையெல்லாம் அடிச்சிட்டு வந்திருச்சு முதலாளி! இதுங்க போனா மில்லே இல்ல!" குரு சல்லடையைத் தூக்கிக் காட்டினான்.

வாணி நேரே போய்ப் பம்ப்பை அணைத்துவிட்டு, சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நகரு, வாணி!"

"மாட்டேன் முதலாளி. வேலையை விட்டுத் தூக்குறதுன்னா தூக்குங்க. எப்படியும் போகப்போறதுதானே!"

வேடிக்கை பார்க்கப் போனவள் நான். எப்படிச் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேனோ, தெரியாது. சேற்றிலிருந்து ஓர் உருண்டையை எடுத்தேன், விரலில் கூழானது. இன்னொன்றும் அப்படியே. அடுத்தது நசுங்காமல் உருண்டது.

"தம்பி, இது?"

குரு என் விரலையே பார்த்தான். "உசுரோட இருக்கு அக்கா. வாளியில போடுங்க, மெதுவா லா!"

போட்டேன். வாளியில் ஒரு பிடிகூடச் சேரவில்லை. கை கழுவலாமென்று, கால்வாய்க்குள் தண்ணீர் விழும் பக்கத்துக் குழாயைத் திருகப் போனேன்.

"தண்ணியைத் திறக்காதீங்க!" என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் அலறினார்கள்.