தப்பாய் வாசிக்க ஆள் தேவை

"தப்பா வாசிக்கணும்" என்றார் மேடம்.

மச்சான் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கினான். "சரியா கேக்கல மேடம்."

"தப்பா வாசிக்கணும்."

"நாங்களா?"

"உங்களைத்தானே கூப்பிட்டிருக்கேன்."

மேடம்தான் அந்தப் படத்துக்கு இசையமைப்பாளர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவு இன்ஜினியரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் இரண்டு பெடல் ஸ்டீல் கிடார்கள். ஒன்றின் பின்னால் மச்சான். இன்னொன்றின் பின்னால் மாப்பிள்ளை.

மச்சானின் தங்கையைக் கட்டியதால் அவன் மாப்பிள்ளை. அந்த உறவு எப்படியோ ஸ்டுடியோ முழுக்கப் பரவி, வாசலில் இருக்கும் காவலாளிகூட அவனை அப்படித்தான் கூப்பிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் வாடா போடா. கல்யாணத்தன்று மச்சானின் அம்மா, "இனிமே மரியாதையா பேசு" என்று மகனைக் கண்டித்தாள். மச்சான் மரியாதையைச் சேர்த்துக்கொண்டான், பழையதை எடுக்கவில்லை. அதிலிருந்து "சொல்லுங்கடா மாப்பிள்ளை" என்று ஒரு தினுசு.

போன வருடம் அந்தத் தங்கை இறந்துபோனாள். மாப்பிள்ளை கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வரவில்லை என்றான். இந்தப் படத்துக்கு மச்சான் மேடத்தின் காலில் விழாத குறையாகக் கேட்டு, இடம் பிடித்திருந்தான். மேடம் கறாராகச் சொல்லியிருந்தார். "கூட்டிட்டு வாங்க. ஆனா பாவம் பார்த்து உக்கார வைக்க மாட்டேன். இன்னைக்கு அவர் கையில ஏதாவது வரணும். வரலேன்னா அவர் பங்கை கீபோர்டுல போட்டுக்கறேன். இனிமே உங்களை மட்டும் கூப்பிடறேன்."

இதை மச்சான் வரும் வழியில் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்துவிட்டான். அவனுக்கு மறைக்கவும் தெரியாது, மெதுவாகச் சொல்லவும் தெரியாது.

காலையில் மாப்பிள்ளை இரண்டு துண்டு வாசித்தான். ஒரு சுரம் பிசகவில்லை. மேடம் கேட்டுவிட்டு, "சரியா இருக்கு. இஸ்திரி போட்டு மாட்டின சட்டை மாதிரி இருக்கு. உள்ளே ஆள் இல்ல" என்றார். அவன் தலையாட்டினான். அவனுக்கும் அப்படித்தான் கேட்டது.

இப்போது இந்தக் காட்சி.

திரையில் ஓடவிட்டார்கள். கதாநாயகன் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். காதலியின் அப்பா பெரிய ஸ்டீல் கிடார் வித்வான். அவரிடம் போய், "நானும் வாசிப்பேன்" என்று அளந்துவிட்டிருக்கிறான். அப்பா தன் கிடாரைக் காட்டி, "எங்கே, வாசிங்க" என்கிறார். உட்காருகிறான். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டை வாசிக்கிறான். படப்பிடிப்பில் அந்தக் கிடாரில் சத்தமே கிடையாது. சத்தத்தை இவர்கள்தான் போட வேண்டும்.

பார்க்க மேசை மாதிரி இருக்கும் வாத்தியம் அது. பத்து தந்தி. இடது கை இரும்பு உருளையைத் தந்திமேல் நகர்த்தும். வலது கை மீட்டும். இடது பாதம் மூன்று பெடல்களை மிதிக்க வேண்டும். மிதித்தால் சில தந்திகள் இழுபட்டுச் சுரம் ஏறும். முழங்கால்களுக்கு நெம்புகோல்கள் தனி. வலது பாதம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடலின் மேல். இந்த வேலையில் சும்மா இருக்கும் உறுப்பு தலை மட்டும்தான் என்பான் மச்சான்.

கேமரா கதாநாயகனின் காலுக்கு இறங்கியது. படகு மாதிரி ஒரு ஷூ. அது மூன்று பெடல்களின் மேலும் ஒரேயடியாக இறங்கியது.

"மூணையும் மிதிக்கிறான்!" மச்சான் எழுந்தே விட்டான். "யாராவது மூணையும் மிதிப்பாங்களா? இவனுக்குச் சொல்லிக்குடுக்க ஒரு ஆள் கிடைக்கலியா?"

"நீங்கதான் சார் போய்ச் சொல்லிக்குடுத்தீங்க" என்றான் இன்ஜினியர்.

மச்சான் உட்கார்ந்தான். "நான் சரியாத்தான் சொன்னேன். ஷூ பெருசு."

முதலில் மச்சான் வாசித்தான். அங்கங்கே ஒரு சுரத்தைக் கோணலாக்கினான், ஓர் இடத்தில் தடுக்கினான். ஆனால் தடுக்கி விழுந்த இடத்தில் ஒரு அழகான நடுக்கம் கொடுத்து எழுந்தான். அவனால் அதை விட முடியாது.

"இது தப்பா வாசிக்கறது இல்ல" என்றார் மேடம். "தப்பு பண்றவன் மாதிரி நடிச்சு கைத்தட்டல் வாங்கறது."

"பழக்கதோஷம் மேடம்."

"மாப்பிள்ளை, நீங்க."

மாப்பிள்ளை வாசித்தான். எல்லாச் சுரமும் தப்பு. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் கச்சிதமாகத் தப்பு. கணக்கு வாத்தியார் வேண்டுமென்றே தப்பாகப் போட்ட கணக்கு மாதிரி இருந்தது. மேடம் திட்டாமல் டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். அதுவே மோசம்.

"உண்மையிலேயே தெரியாத ஆளை உக்கார வச்சா என்ன?" என்றான் மச்சான். எல்லாரும் இன்ஜினியரைப் பார்த்தார்கள்.

இன்ஜினியர் வந்து உட்கார்ந்தான். மீட்டினான். சத்தம் வரவில்லை. மறுபடி மீட்டினான். "உடைஞ்சிருச்சா சார்?"

"வலது கால்ல அழுத்து" என்றான் மச்சான்.

அழுத்தினான். கண்ணாடி அதிர்ந்தது. மேடத்தின் டீ சிந்தியது. அடுத்த முயற்சி கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் திரையைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்தது இன்னும் தேவலை. அதற்கும் அடுத்ததில் ஒரு சுரம் நன்றாகவே விழுந்தது. இன்ஜினியர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"போச்சு" என்றார் மேடம். "கத்துக்கிட்டான். எழுந்திருப்பா."

அந்த நேரம் பார்த்து இயக்குநர் போனில் வந்தார். மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வைத்துவிட்டு, கண்ணாடி வழியாக மாப்பிள்ளையை மட்டும் பார்த்தார்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம், கீபோர்டுல டொய்ங் டொய்ங்னு போட்டா ஜனங்க சிரிப்பாங்கன்னு சொல்றார். ஒரே ஒரு தடவை. அப்புறம் டொய்ங்தான்."

மச்சான் மாப்பிள்ளையின் ஹெட்ஃபோனை எடுத்து நீட்டினான். மச்சான் பேச்சில்லாமல் ஒரு வேலை செய்தால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

மாப்பிள்ளை படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னான். இந்தத் தடவை காலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தான். நடிகன் கெட்டிக்காரன். அவன் முகத்தில் பயமே இல்லை. பிரமாதமாக வாசித்துக்கொண்டிருப்பதாக நம்புகிற முகம். அந்த முகத்தை எங்கே பார்த்திருக்கிறோம் என்று மாப்பிள்ளை யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் அவன் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து அவன் மனைவி கிடாரின் முன் உட்காருவாள். குளியலறைக் கதவைத் தாண்டி அந்தக் கொடுமை கேட்கும்.

"ரெண்டாவது பெடல்!" என்று உள்ளிருந்து கத்துவான்.

"நீ குளி!" என்பாள்.

அவள் தப்பாக வாசிக்கவில்லை. சரியாகத்தான் வாசித்தாள், அவளைக் கேட்டால். சுரத்தை, இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி தடவுவாள். தாண்டிப் போவாள். அடடா என்று பதறித் திரும்புவாள். கிடைத்துவிட்டால் போதும், அதை விட்டு எழுந்திருக்க மாட்டாள். பாட்டு எங்கேயோ போயிருக்கும், அவள் அந்த ஒரு சுரத்தில் குடித்தனம் வைத்திருப்பாள். பெடல்களில் எது எதற்கு என்று கேட்டதே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மொத்தமாக மிதிப்பாள்.

"போடுங்க" என்றான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் ஷூ இறங்கியது. அவன் கால் மூன்றின் மேலும் இறங்கியது. உருளை கிளம்பி முதல் சுரத்தைத் தாண்டிப் போய், பதறித் திரும்பி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, மன்னிப்புக் கேட்டு, சரியான வாசலுக்கு வந்து சேர்ந்தது. சேர்ந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு சந்தோஷம் அதற்கு! திரையில் காதலியின் அப்பா முகத்தை மூடிக்கொண்டார். அவன் அடுத்த வரிக்குப் போனான், அதே நம்பிக்கையோடு. இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்துவிட்டான்.

முடிந்தது. விளக்கு அணைந்தது.

பக்கத்தில் "ஐயோ!" என்று ஒரு சத்தம். மச்சான் கண்ணைத் துடைக்கப் போய், தந்தி மீட்டுவதற்காக விரலில் மாட்டியிருந்த இரும்பு நகத்தால் குத்திக்கொண்டிருந்தான்.

"காட்டுங்க மச்சான்."

"ஒண்ணுமில்ல. விடுங்கடா. நகம்."

"ரெண்டு கண்ணுலயுமா குத்தும்?"

"குத்தும்." மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா என்ன என்று அவனுக்கே தெரிந்திருக்காது. "அவளேதான்டா. அந்த ரெண்டாவது வரியை அப்படியே கொலை பண்ணுவாளே. கத்தியும் அதே கத்தி."

"யாரு?" என்று மேடம் கேட்டார். ஸ்பீக்கர் திறந்திருந்தது.

"என் தங்கச்சி, மேடம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் மேசைக்குக் கீழிருந்து எழுந்தான். பிறகு மேடம் மைக்கருகே வந்தார். குரல் வழக்கம்போலக் கறாராகவே இருந்தது.

"இந்த ஹீரோ வீட்டுல உக்காந்து பழகற காட்சி இன்னும் ரெண்டு இருக்கு. வேற பாட்டு. அவங்க வேற என்னென்ன பாட்டைக் கெடுப்பாங்க?"

மாப்பிள்ளை யோசித்தான். "எல்லாத்தையும், மேடம். ஒண்ணையும் விட்டு வச்சதில்ல."

சொல்லும்போதே வாய் கோணிக்கொண்டு சிரிப்பு வந்தது. வந்த வழி மறந்துபோன சிரிப்பு. இருமல் மாதிரி வெளியே விழுந்தது.

"அப்ப நாளைக்கும் வாங்க."

"வந்துடறோம் மேடம்" என்றான் மச்சான்.

"அவர் மட்டும் போதும்."

"நான்?"

"நீங்க ரொம்ப நல்லா வாசிக்கிறீங்க. எனக்கு உதவாது."

மச்சான் கிடாரின் கால்களைக் கழற்ற ஆரம்பித்தான். ஒவ்வொரு காலையும் உறையில் போடும்போது ஒரு முணுமுணுப்பு வந்தது. இவ்வளவு நாள் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதற்கு இதுதான் பலன். இந்தப் பிழைப்புக்கு அவனும் மருந்துக்கடைக்குப் போயிருக்கலாம்.

"சின்ன வயசுல எனக்கும் சொல்லிக்குடுடான்னு என் உயிரை எடுத்தா" என்றான். "உனக்கெல்லாம் வராது, போடின்னு துரத்திட்டேன். அன்னைக்கு ஒழுங்கா சொல்லிக்குடுத்திருந்தா இன்னைக்கு எனக்கு வேலை போயிருக்குமா?"

"நாளைக்கு நீங்களும் வாங்க மச்சான்."

"எதுக்கு? வேடிக்கை பார்க்கவா?"

"பக்கத்துல உக்காருங்க. எங்கயாவது சரியா வாசிச்சிட்டேன்னா சொல்லுங்க."

மச்சான் பெட்டியை மூடினான். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி பாவனை செய்தான்.

"ரெண்டாவது வரியிலேயே ஒரு இடம் சரியா வந்துடுச்சு" என்றான். "சொல்ல வேணாம்னு பார்த்தேன்."