நம்பாதவள் கையில் லிஃப்ட்

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, எனக்கு ஏதோ தாங்க முடியாத துக்கம் நடந்துவிட்டது என்று முடிவு கட்டிக் குரலைத் தணித்துப் பேசுகிறார்கள். இல்லையென்றால் கைப்பையைத் தங்கள் பக்கம் நகர்த்திக்கொள்கிறார்கள். எனக்குத் துக்கம் எதுவும் நடக்கவில்லை. நல்ல கணவர், வாயாடி மகள், நேரத்துக்குப் பசிக்கிற வயிறு எல்லாம் இருக்கிறது. பதினாறு வயதில் யோசித்துப் பார்த்தேன், இல்லை என்று தோன்றியது. நாற்பத்தொன்றிலும் அப்படியே தோன்றுகிறது. விஷயம் அவ்வளவுதான்.

பதினான்கு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். எங்கள் வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது. ஒருவர் லிஃப்ட்டுக்குக் கீழே இருக்கும் குழியில் இறங்குவார். இன்னொருவர் மாடியில், மெஷின் ரூமில், கன்ட்ரோல் பெட்டி முன்னால் நிற்பார். கீழே இருப்பவரின் உயிர் மேலே இருப்பவரின் விரலில். அதனால் கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஜோடி பிடிக்கவில்லை என்று யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் மாற்றிவிடுவார்கள். நல்ல விதிதான், என் விஷயத்தில் அதை மூன்று பேர் பயன்படுத்தும் வரை.

பத்து வருடம் என்னோடு ஜோடியாக இருந்தவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் இந்தக் கூத்து. வரிசையாக மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் ஒரு மாதத்துக்குள் கழன்றுகொண்டார்கள். மேனேஜரிடம் அவர்கள் சொன்னது சுற்றிச் சுற்றி என் காதுக்கு வந்தது. மேலே ஒருவன் பார்க்கிறான் என்ற பயம் இல்லாதவள் எதற்குக் கவனமாக இருக்கப் போகிறாள்? நான் போட்ட ஒரு நட்டுகூட இதுவரை கழன்றதில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

நான்காவதாக வருகிறவனும் வேண்டாம் என்றால் என்னை ஆபீசில் ஃபோன் எடுக்கும் மேசைக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கிரீஸ் வாசனையும் கயிறு ஓடுகிற சத்தமும் இல்லாமல் என்னால் இருக்க முடியாது. அந்த மேசையை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

நான்காவதாக வந்தவன் முப்பது வயதுக்காரன். ஒரு ஸ்க்ரூவை மூன்று முறை சரிபார்ப்பான் என்பதால் எல்லோரும் அவனை நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். பக்திமான். ஆனால் வந்த முதல் நாளே, மனைவி என்னோடு போக வேண்டாம் என்று சொன்னதை என்னிடமே சொல்லிவிட்டான். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு மாதம் பார்க்கிறேன், அப்புறம்தான் ஜோடிக்குச் சம்மதம் என்ற படிவத்தில் கையெழுத்து என்றான்.

அந்த மாதம் முழுக்க டீ குடிக்கும் நேரமெல்லாம் எனக்குப் பரீட்சைதான். கடவுளை நம்பாவிட்டால் பிசாசை நம்புவீர்களா என்று கேட்டான். அவரே இல்லை என்கிறேன், அவருடைய எதிரிக்கு மட்டும் எங்கிருந்து வீடு கொடுப்பேன் என்றேன். நம்புகிறவர்களை எல்லாம் முட்டாள் என்று நினைப்பீர்களா என்றான். என் மாமியார் தினமும் எனக்காகப் பிரார்த்தனை செய்கிறவர், நான் பார்த்ததிலேயே கெட்டிக்காரி அவர்தான் என்றேன். கடவுள்மேல் அப்படி என்ன கோபம் என்று ஒரு நாள் கேட்டான். "இல்லாத ஆள்மேல எப்படிப்பா கோபம் வரும்? உன்மேலதான் வரும், டீயை ஆறவிட்டுட்டு" என்றேன். சிரித்துவிட்டான்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பழைய லிஃப்ட், இஷ்டத்துக்கு நடுவழியில் நிற்கிறது. இந்த மாதிரி லிஃப்ட்டில் ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு சின்ன இணைப்பு இருக்கும். கதவு சரியாக மூடினால்தான் லிஃப்ட் நகரும். எந்த மாடிக் கதவு மக்கர் பண்ணுகிறது என்று கண்டுபிடிக்க, கன்ட்ரோல் பெட்டியில் ஒரு துண்டு சிவப்பு வயரைச் செருகி அந்த இணைப்பைத் தாண்டிவிடுவோம், கதவு மூடியிருப்பதாகவே லிஃப்ட் நினைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்தால் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பும். என் பையில் அப்படி நான்கு வயர்கள் இருந்தன.

ஐந்தாவது மாடிக் கதவுதான் குற்றவாளி. அங்கே இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயான ஒருத்தி எங்களை நிற்கவைத்துத் திட்டினாள். இரண்டையும் தள்ளுவண்டியில் வைத்து, முதுகைக் காட்டியபடி வண்டியை இழுத்துக்கொண்டே லிஃப்ட்டுக்குள் போகிற பழக்கம் அவளுக்கு. இரண்டு தடவை இடுப்பில் கதவு இடித்ததாம். சரிசெய்து கொடுத்தோம். நான் மேலே மெஷின் ரூமுக்குப் போனேன், நிதானமும் பின்னாலேயே வந்தான். நான் பெட்டியை மூடப் போனபோது அவனுடைய அடுத்த கேள்வி வந்தது. செத்த பிறகு எதுவுமே இல்லை என்றால் நல்லபடியாக வாழ வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

எனக்குக் குஷி பிறந்துவிட்டது. ஒரே ஒரு வாழ்க்கைதான் என்பதால்தான் அடுத்தவனுடையதும் அருமை என்று ஆரம்பித்தேன். நன்றாகத்தான் பேசினேன். கையை ஆட்டி, தலையை ஆட்டி, என் பேச்சை நானே ரசித்துக்கொண்டு பெட்டியை மூடிப் பூட்டினேன். இருவரும் வேலைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது பேனா தேடிப் பையைத் துழாவினேன். சிவப்பு வயர் மூன்றுதான் இருந்தது.

பையை மடியில் கொட்டினேன். மூன்றுதான். நான்காவது எங்கே இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெட்டியின் சாவி என்னிடம்தான் இருந்தது. திரும்பிப் போய், வயரை உருவிக்கொண்டு வந்துவிட்டால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. போக நாற்பது நிமிடம் ஆகும். அதற்குப் பதிலாக இப்போதே வாட்ச்மேனுக்கு ஃபோன் செய்து லிஃப்ட்டை நிறுத்தச் சொன்னால், ஏன் என்று கேட்பார், ஆபீசுக்குத் தகவல் போகும், என்மேல் எழுத்தில் புகார் வரும். ஃபோன் மேசையில் நானே என் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு ஸ்டாப்பிங் போகும் வரை யோசித்தேன். அதற்குள் ஐந்தாவது மாடிப் பெண்ணின் முதுகு கண்ணில் வந்து நின்றது. அவள் வண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் காலை வைக்கிறாள், அங்கே தரை இல்லை. ஃபோனை எடுத்தேன்.

லிஃப்ட்டின் மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொன்னேன். வாட்ச்மேன் ஏன் என்றார். நான் ஒரு தப்பு செய்துவிட்டேன், யாரையும் ஏறவிடாதீர்கள் என்றேன். அடுத்து நிதானத்துக்குச் சொன்னேன், அதற்கடுத்து ஆபீசுக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது கீழே ஒரு கூட்டம் நின்று கத்திக்கொண்டிருந்தது. எட்டாவது மாடிக்காரர் என் குடும்பத்தையே இழுத்தார். வாயை மூடிக்கொண்டு ஒன்பது மாடியும் ஏறிப் போய் வயரை உருவினேன். வெட்கமாக இருந்தது, பேச்சு சுகத்தில் செய்த காரியம்.

மறுநாள் மேனேஜர் எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினார். நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். நிதானமும் கூடவே உட்கார்ந்திருந்தான். மேனேஜர் கெட்டவர் இல்லை, உண்மையிலேயே குழம்பிப் போயிருந்தார்.

"சாவி உங்ககிட்டதானே இருந்தது? சத்தமில்லாம எடுத்திருக்கலாமே. நாங்கன்னா மேல ஒருத்தர் கணக்கெழுதறார்னு பயந்து சொல்லுவோம். நீங்க யாருக்குப் பயந்தீங்க?"

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"அந்த நாற்பது நிமிஷத்துக்குள்ள அஞ்சாவது மாடியில ஒருத்தி குழந்தைங்களோட விழுந்திருப்பா. அவ விழக்கூடாது. அதுக்கு மேல எனக்குக் காரணம் என்னத்துக்கு? உங்களுக்கும் அதுதான் முதல் காரணம், உங்களையே கேட்டுப் பாருங்க."

மேனேஜர் நிதானத்தின் பக்கம் படிவத்தைத் தள்ளினார். இவ்வளவுக்குப் பிறகு அவன் மறுத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். அவன் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னான். அந்த இரண்டு நாளும் என் வீட்டில் யாரும் என்னிடம் வாயைக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு மருத்துவமனை லிஃப்ட். அவன் எனக்கு முன்னாலேயே வந்து குழியின் கதவருகே நின்றிருந்தான். கேட்கப் பிடிக்காமல் நான் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவனே ஆரம்பித்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னானாம். நான் மறந்ததையும் சொன்னானாம். தப்பு செய்கிறவளோடு இனிமேல் எப்படிப் போவாய் என்று அவள் கேட்டாளாம்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தரோட மூணு வருஷம் வேலை பார்த்தேன்க்கா. ரொம்ப பக்தியானவர். மூணு வருஷத்துல ஒரு தப்புகூடப் பண்ணலைன்னு சொல்வார். நானும் நம்பினேன்." குழியின் கதவைத் திறந்தான். "அதெப்படி ஒண்ணுகூட இல்லாம இருக்கும்? ரெண்டு நாளா அதையே யோசிச்சிட்டிருக்கேன். எத்தனை தடவை தப்பிச்சேன்னே எனக்குத் தெரியாது. அதைத்தான் அவகிட்ட சொன்னேன்."

சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து என் கையில் கொடுத்தான். கையெழுத்து இருந்தது. எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. அவன் அதைப் பார்க்காத மாதிரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஏணியில் இறங்கிப் போய் லிஃப்ட்டுக்கு நேர் கீழே நின்றான்.

"மேலே போங்கக்கா" என்றான்.